பண்டிகைக் காலத்தில் மன அமைதி

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் நவராத்திரி, ஸ்ரீ மாரியம்மன் கோயில் தீமிதி, தீபாவளி எனச் சிங்கப்பூரில் விழாக்கள் அடுத்தடுத்து வருகின்றன. பக்தி பெருக வேண்டிய இக்காலத்தில் நம்மில் பலருக்குப் பெருகுவது படபடப்பே. நானும் அப்படித்தான் இருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முதல் நாள். வேலை முடிந்து, தேக்கா நெரிசலில் பூவும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். முறுக்குப் பிழியவில்லை, திரைச்சீலை மாட்டவில்லை. உதவ வந்த அம்மாவின் கை நடுங்கி மாவு கொட்டிவிட்டது. "சும்மா இருக்கமாட்டீங்களா?" என்று கத்திவிட்டேன். அம்மா ஒன்றும் பேசாமல் அறைக்குள் சென்றுவிட்டார்.

மறுநாள் விடியுமுன், அதே நடுங்கும் கைகளால் என் தலையில் நல்லெண்ணெய் வைத்து வாழ்த்தினார். நான் அழுதுவிட்டேன். நரகாசுர வதத்தை நினைந்து எண்ணெய் தேய்த்து நீராடுகிறோம். மனத்தில் சினத்தை வைத்துக்கொண்டு நீராடி என்ன பயன்?

அதன்பின் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். வீட்டைச் சுத்தம் செய்வது நவராத்திரிக்குள் முடிந்துவிடும். வீட்டில் செய்யும் பலகாரம் இரண்டே வகை, மற்றவை கடையில். வேலைகளைத் தாளில் எழுதிவிடுவேன். கணவரும் பிள்ளைகளும் பங்கிட்டுக்கொள்வார்கள். முதல் நாள் இரவு ஏழு மணிக்கு அடுப்பை அணைத்து, விளக்கேற்றி, குடும்பத்தோடு பத்து நிமிடம் அமைதியாக அமர்கிறோம். மாவு பிசைவது அம்மாவின் பொறுப்பு. கொட்டினால் சிரித்துக்கொள்கிறோம்.

அன்பர்களே, தட்டில் ஒரு பலகாரம் குறைந்தால் விருந்தினர் கவனிக்கமாட்டார்கள். நம் முகத்தில் சிரிப்புக் குறைந்தால் வீட்டில் அனைவரும் கவனிப்பார்கள்.