தசைக் குருத்தணுக்கள்: ஆய்வும் நடைமுறையும்

மனித உடலின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு, எலும்புகளைப் பற்றியுள்ள தசைகளே ஆகும். நடத்தல், எடுத்தல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய அனைத்தும் இத்தசைகளின் பணி. அடிபட்டாலும் கடும் உழைப்பால் நைந்தாலும் சில வாரங்களில் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும் சிறப்பு இவற்றுக்கு உண்டு. இதயத் தசைக்கு இவ்வாற்றல் மிக அரிதாகவே உள்ளது. இப்புதுப்பித்தலைச் செய்பவை தசையினுள்ளேயே உறையும் ஒருவகைச் செல்கள். ஸ்டெம் செல் என வழங்கும் குருத்தணுக்களுள் இவையும் அடங்கும்.

இச்செல்களைக் கொண்டு நோயுற்ற தசையை மீட்கலாம் என்னும் நம்பிக்கை 1980களிலேயே தோன்றிவிட்டது. அது எவ்வளவு நிறைவேறியுள்ளது என்பதை மாணவரும் அரசு அலுவலரும் அறிந்திருத்தல் நன்று. ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்ட உண்மை வேறு. நோயாளியிடம் நிறுவப்பட்ட சிகிச்சை வேறு. இவ்வேறுபாடு தெளிவாக எடுத்துரைக்கப்படாதபோது இழப்புக்கு உள்ளாவோர் நோயுற்ற குழந்தைகளின் பெற்றோரே ஆவர்.

கண்டுபிடிப்பு

1961ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் அலெக்சாண்டர் மவுரோ என்னும் அறிஞர் தவளையின் தசையை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். ஒவ்வொரு தசை இழையையும் மெல்லிய உறை ஒன்று சூழ்ந்துள்ளது. அவ்வுறைக்கும் இழைக்கும் இடையே சிறு செல்கள் ஒட்டிக்கிடப்பதை அவர் கண்டார். இழையின் ஓரத்தில் அமைந்திருந்தமையால் அவற்றுக்குத் துணைக்கோள் செல்கள் என்று பெயரிட்டார். தசையின் புதுப்பித்தலுக்கு இவை காரணமாகலாம் என்னும் கருத்தையும் அவரே முன்வைத்தார். அதனை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

2000ஆம் ஆண்டில் கனடாவின் மைக்கேல் ருட்னிக்கி குழுவினர், இச்செல்களுக்கு அடையாளமாகப் 'பாக்ஸ்7' என்னும் மரபணு விளங்குவதைக் காட்டினர். 2005இல் லண்டன் ஆய்வாளர்கள், ஏறத்தாழ ஏழு துணைக்கோள் செல்களைக் கொண்ட ஒரே ஒரு தசை இழையை எலியின் தசையில் பதித்தனர். அதிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட புதிய இழைகள் தோன்றின. 2008இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹெலன் பிளாவின் குழுவினர், தனியொரு செல்லே பெருகித் தசையை ஆக்குவதோடு, தன்னைப் போன்ற குருத்தணுக்களையும் உண்டாக்கவல்லது என்று நிறுவினர். 2011இல் இச்செல்களை எலிகளிலிருந்து முற்றிலும் அகற்றிப் பார்த்தபோது, காயமுற்ற தசை மீண்டும் வளரவில்லை. இச்செல்கள் இன்றித் தசைக்குப் புத்துயிர் இல்லை என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

செயற்படும் முறை

நலமான தசையில் துணைக்கோள் செல்கள் பிரியாமலும் பெருகாமலும் உறங்கு நிலையில் இருக்கின்றன. தசை காயமுற்றதும் அவை விழித்தெழுந்து பலமுறை பிரிகின்றன. பிறந்த செல்களுள் பெரும்பாலானவை தசைமுன் செல்களாக மாறி, ஒன்றோடொன்று இணைந்து புதிய இழைகளாகின்றன. அல்லது சிதைந்த இழையோடு கலந்து அதனைச் சீர்செய்கின்றன. ஒரு சிறு பகுதி மட்டும் மீண்டும் உறங்கு நிலைக்குத் திரும்பி, அடுத்த தேவைக்கெனச் சேமிப்பாக நிற்கிறது. விதை நெல்லை எடுத்துவைத்த பின்பே எஞ்சியதை உணவுக்குப் பயன்படுத்தும் உழவரின் முறைக்கு இதனை ஒப்பிடலாம். உறங்கு நிலையைக் காத்தல் எத்துணை இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும். இந்தியாவில் ஐதராபாத்திலும் பெங்களூருவிலும் ஜோத்ஸ்னா தவன் குழுவினர் நீண்ட காலம் ஆராய்ந்து வந்த பொருளும் இதுவே.

நோயின் இயல்பு

இவ்வாய்வில் மிகுதியாகக் கருதப்படும் நோய் டூஷேன் தசைச் சிதைவு நோய் ஆகும். பிறக்கும் ஆண் குழந்தைகளுள் ஏறத்தாழ 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவர் வீதம் இந்நோய் காணப்படுகிறது. இதற்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆகவே பெரும்பாலும் ஆண் குழந்தைகளே பாதிக்கப்படுகின்றனர். 1980களின் பிற்பகுதியில் லூயி குங்கெல் குழுவினர் அம்மரபணுவையும், அது ஆக்கும் டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதத்தையும் இனங்கண்டனர். தசை இழையின் சவ்வு சுருங்கி விரியும்போது கிழியாமல் காப்பது இப்புரதமே.

புரதம் இன்மையால் இழைகள் ஓயாது சிதைகின்றன. துணைக்கோள் செல்கள் ஓயாது சீர்செய்ய முயல்கின்றன. புதிதாகத் தோன்றும் இழைகளிலும் அதே குறை இருத்தலால் அவையும் சிதைகின்றன. நாளடைவில் தசை இருந்த இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் நிரப்புகின்றன. மூன்று முதல் ஐந்து வயதுக்குள் அடிக்கடி விழும் சிறுவன், பன்னிரண்டு வயதளவில் சக்கர நாற்காலியை நாடுகிறான். பின்னர் மூச்சுத் தசைகளும் இதயமும் தளர்கின்றன. டிஸ்ட்ரோஃபின் இழைக்கு மட்டுமன்றித் துணைக்கோள் செல்லின் முறையான பிரிவுக்கும் தேவை என்று 2015இல் ருட்னிக்கி குழுவினர் எலிகளில் காட்டினர். எனவே இந்நோயில் விதை நெல்லும் பழுதுபடுகிறது எனலாம்.

சோதனைகள் தந்த பாடம்

1989இல் டெரன்ஸ் பார்ட்ரிட்ஜ் குழுவினர், நலமான தசைமுன் செல்களை நோயுற்ற எலிகளின் தசையில் செலுத்தியபோது டிஸ்ட்ரோஃபின் தோன்றியது. இதனால் ஊக்கம் பெற்று, மனிதரிடமும் சோதனைகள் விரைவாகத் தொடங்கப்பட்டன. 1995இல் வெளியான ஓர் ஆய்வில், பன்னிரண்டு சிறுவருக்கு ஆறு மாதங்கள், மாதந்தோறும் கோடிக்கணக்கான செல்கள் செலுத்தப்பட்டன. தசையின் வலிமை கூடவில்லை.

இதற்கான காரணங்கள் பின்னர் தெளிவாயின. செலுத்தப்பட்ட செல்களுள் பெரும்பாலானவை சில நாட்களிலேயே மடிந்தன. எஞ்சியவை ஊசி சென்ற தடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. பிறருடைய செல்களாதலால் உடலின் எதிர்ப்பாற்றலும் அவற்றைத் தாக்கியது. மேலும், கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் தட்டில் வளர்க்கப்படும்போதே இச்செல்கள் தம் குருத்தணுத் தன்மையை இழந்துவிடுகின்றன. தசையைப் போன்ற மென்மையுடைய பரப்பில் வளர்த்தால் அத்தன்மை காக்கப்படுகிறது என்று பிளாவின் குழுவினர் 2010இல் காட்டியது இத்துறையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம்.

ஒரு சிறிய தசைப் பகுதியை மட்டும் குறிவைத்த முயற்சிகள் ஓரளவு நம்பிக்கை தருகின்றன. தொண்டைத் தசை தளர்ந்து விழுங்க இயலாமற்போகும் மரபு நோயால் துன்புற்ற பன்னிரண்டு பேருக்கு, அவர்களுடைய நலமான தசையிலிருந்தே செல்களை எடுத்துப் பெருக்கித் தொண்டையில் செலுத்திய பிரெஞ்சு ஆய்வின் முடிவு 2014இல் வெளியாயிற்று. தீங்கு ஏதும் நேரவில்லை. சிலருக்கு முன்னேற்றமும் காணப்பட்டது. ஆயினும் ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் இதனை இறுதி முடிவாகக் கொள்ளல் ஆகாது.

இதயத்துக்குத் தசைச் செல்களை அளித்த முயற்சியின் வரலாறு அலுவலர்களுக்குத் தனிப்பாடமாகும். 2000ஆம் ஆண்டில் பாரிசில் இது முதன்முறையாகச் செய்யப்பட்டது. ஆனால், 97 நோயாளிகளை ஒப்பீட்டு முறையில் ஆராய்ந்து 2008இல் வெளியான முடிவில் இதயத்தின் இயக்கம் மேம்படவில்லை. ஜப்பானில், தொடைத் தசைச் செல்களைத் தகடாக வளர்த்து இதயத்தின் மேல் பொருத்தும் முறைக்கு 2015இல் நிபந்தனையுடன் தற்காலிக அனுமதி வழங்கப்பட்டது. பயன் நிறுவப்படவில்லை என்று அரசின் நிபுணர் குழு 2024இல் முடிவு செய்ததை அடுத்து அது கைவிடப்பட்டது. விரைந்து அனுமதி அளித்தால், பின்னர் அதனைத் திரும்பப் பெறும் துணிவும் வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

இந்தியாவின் நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பவியல் துறையும் இணைந்து 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள் தெளிவானவை. குறிப்பிட்ட இரத்த நோய்கள் முதலியவற்றுக்கான இரத்த ஆக்கக் குருத்தணு மாற்று மட்டுமே ஏற்கப்பட்ட சிகிச்சை. ஏனைய பயன்பாடுகள் அனைத்தும் முறையான அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வாகவே நடத்தப்படல் வேண்டும். அத்தகைய ஆய்வுகள் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்யப்படுதல் கட்டாயம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், ஆய்வினால் தீங்குற்றோருக்கு இழப்பீடு அளிக்க வகை செய்கின்றன.

இந்நெறிகளைக் கொண்டு மக்களுக்கு எளிய உரைகல் ஒன்றை வழங்கலாம். தசைச் சிதைவு நோயைக் குருத்தணு ஊசியால் குணப்படுத்துவதாகக் கூறிக் கட்டணம் கேட்கும் இடத்தில், அது பதிவு பெற்ற ஆய்வா, நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்துள்ளதா என்று கேட்டறிதல் வேண்டும். பதிவு பெற்ற ஆய்வெனில் நோயாளியிடம் கட்டணம் பெறுவது முறையன்று; ஆய்வன்று எனில் அச்சிகிச்சைக்கே இடமில்லை.

நோயுற்றோருக்கு இன்று கிடைக்கும் உதவிகளும் குறைத்து மதிப்பிடத்தக்கவை அல்ல. ஸ்டீராய்டு மருந்துகள் நடக்கும் ஆற்றல் குன்றுவதைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுகின்றன. இயன்முறைப் பயிற்சியும், இதயக் கண்காணிப்பும், மூச்சுக்கான துணைக்கருவியும் ஆயுளை நீட்டியுள்ளன. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தசைச் சிதைவு நோயை உடற்குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையிலும் டூஷேன் நோய் இடம்பெற்றுள்ளது. குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு நோய் கண்டறியப்பட்டால், தாய்க்கு மரபணுச் சோதனையும் ஆலோசனையும் அளித்தல் அடுத்த மகப்பேற்றுக்குப் பேருதவியாகும்.

ஆய்வு நின்றுவிடவில்லை. நோயாளியின் துணைக்கோள் செல்லிலேயே மரபணுக் குறையைத் திருத்திவிட்டால், அதிலிருந்து தோன்றும் இழைகள் அனைத்தும் நலமானவையாக அமையும். எலிகளில் இதன் தொடக்க நிலை வெற்றி 2016 முதல் காட்டப்பட்டுள்ளது. மனிதரிடம் இதனை நிறைவேற்றச் செல்களைச் சென்றடையும் வழியும் நீண்டகாலப் பாதுகாப்பும் இன்னும் உறுதிப்படுத்தப்பட வேண்டியவை. அதுவரை ஆய்வுக்கு நிதியும், நோயாளிக்கு இன்று உள்ள பராமரிப்பும், பொய்யான வாக்குறுதிகளுக்குத் தடையும் ஒருங்கே அளித்தல் அரசுக்கும் அறிவியலாருக்கும் உரிய கடமையாகும்.