மருத்துவக் கடிதங்களின் குறியீடுகளை அறிவோம்

வீட்டிற்கு வரும் கடிதங்களைப் பெரியவர்களுக்குப் படித்துச் சொல்லும் பொறுப்பு நம்மில் பலருக்கு உண்டு. ஆயர் குரோவில் எங்கள் பாட்டியின் மருத்துவக் கடிதங்களைப் படிப்பவன் நான். மலாயும் ஆங்கிலமும் அறிவேன் என்ற நம்பிக்கையில் நான் செய்த பிழையே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஓர் ஆகஸ்டு மாதத்தில், இரத்த அழுத்தத்திற்காக வார்டில் இருந்து வீடு திரும்பிய பாட்டியிடம் ஒரு கடிதம் தரப்பட்டது. அதன் கடைசி வரி, 'டி.சி.ஏ. கே.கே. 1/12'. டிசம்பர் முதல் தேதி கிளினிக்கிற்குப் போக வேண்டும் என்று சொன்னேன். செப்டம்பரில் மருந்து தீர்ந்தது. "நீ சொன்ன தேதி இன்னும் வரலையேப்பா" என்று பாட்டி காத்திருந்தார். மூன்று வாரத்தில் தலைசுற்றல் கண்டது. தாதியாகப் பணிபுரியும் பக்கத்து வீட்டு அக்கா கடிதத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தேதி இல்லை, ஒரு மாதம்" என்றார்.

கணக்கு எளியது. ஆண்டுக்கு 12 மாதம், 52 வாரம். வாரத்திற்கு 7 நாள். ஆகவே 1/12 என்றால் ஒரு மாதம், 2/52 என்றால் இரண்டு வாரம், 5/7 என்றால் ஐந்து நாள். 'டி.சி.ஏ.' என்பது மீண்டும் வரவேண்டும் என்பதன் ஆங்கிலக் குறுக்கம். 'கே.கே.' என்பது கிளினிக் கெசிஹாத்தான், அதாவது அரசு சுகாதார கிளினிக்.

இத்தகைய கடிதங்களில் மூவகைக் குறியீடுகளைக் காணலாம்.

முதலாவது, அலுவலகக் குறியீடு. 'ருஜுக்கான் காமி' என்பதற்கு எதிரே இருப்பது அனுப்பியவரின் கோப்பு எண். அதில் அடைப்புக்குறிக்குள் உள்ள எண், அக்கோப்பில் அக்கடிதத்தின் வரிசையைக் குறிக்கும். 'எஸ்.கே.' என்றால் நகல் பெறுபவர், 'பி.பி.' என்றால் மற்றொருவர் சார்பில் கையொப்பமிட்டது. சில கடிதங்களின் அடியில் சாய்கோட்டின் இருபுறமும் முதலெழுத்துகள் இருக்கும். முன்னது கடிதத்தை எழுதியவருடையது, பின்னது தட்டச்சு செய்தவருடையது. இவை நோயைப் பற்றியவை அல்ல.

இரண்டாவது, நோய்க் குறியீடு. 'எச்.பி.டி.' உயர் இரத்த அழுத்தம், 'டி.எம்.' இனிப்புநீர், 'என்.கே.டி.ஏ.' அறியப்பட்ட மருந்து ஒவ்வாமை இல்லை.

மூன்றாவது, மருந்துக் குறியீடு. இவை இலத்தீன் மொழியிலிருந்து வந்தவை. 'ஓ.டி.' தினம் ஒரு வேளை, 'பி.டி.' இரு வேளை, 'டி.டி.எஸ்.' மூன்று வேளை, 'ஓ.என்.' இரவில், 'பி.ஆர்.என்.' தேவைப்படும்போது மட்டும்.

ஆனால் குறுக்கங்கள் இடத்திற்கு இடம் பொருள் மாறும். அதே 'ஓ.டி.' மூக்குக் கண்ணாடிச் சீட்டில் வலது கண்ணைக் குறிக்கும். மருத்துவத் துறையினரே இதனால் தடுமாறுவதுண்டு. அமெரிக்காவின் ஜாயிண்ட் கமிஷன் 2004இல் பயன்படுத்தக்கூடாத குறுக்கங்களின் பட்டியலை வெளியிட்டது. இன்சுலின் அளவில் 'யூனிட்' என்பதற்கு எழுதும் 'யு' என்ற ஒற்றை எழுத்தும் அதில் ஒன்று. கையெழுத்தில் அது சுழியமாகவோ நான்காகவோ தோன்றி, மருந்தின் அளவே மாறிவிடலாம்.

எனவே, ஊகித்துச் சொல்வதைத் தவிர்ப்போம். மருந்தகத்தில் இருக்கும்போதே கேட்டு, அடுத்து வரவேண்டிய நாளை நாட்காட்டியில் தேதியாகக் குறித்து வைப்போம். மருந்து தீரும் நாளையும் அதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்போம். அன்று நான் ஒப்பிட்டிருந்தால், டிசம்பர் என்பது தவறென்று அப்பொழுதே தெரிந்திருக்கும்.

இப்பொழுது பாட்டி நலமாக இருக்கிறார். கடிதம் வந்தால் இன்றும் என்னிடம்தான் தருகிறார். படித்து முடித்ததும், "நல்லா கேட்டுத்தானே சொல்றே?" என்கிறார்.