வானம் தோண்டுமுன் மண்ணைப் பாரு

ராயகிரியில் மனை வாங்கின கையோடு டைல்ஸ் கடைக்கு ஓடாதே, தம்பி. மேற்கே மலையடிவாரம் செம்மண்ணும் சரளும். கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போகப் போகக் கரிசல். இடைப்பட்ட மனையில் எது கிடக்கும் என்று மேலோட்டமாகப் பார்த்துச் சொல்ல முடியாது. "பக்கத்து வீட்டுக்கு நாலடிதான் தோண்டினோம்" என்று கொத்தனார் சொன்னால் உடனே தலையாட்டாதே.

1. முதலில் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பாரு. எத்தனை அடி வரைக்கும் கரிசல், எங்கே சுக்கான், எங்கே பாறை என்று கிணற்றுச் சுவரே காட்டிவிடும். காசு செலவில்லை. அப்படியே ஊர்ப் பெரியவர்களிடம், "இந்த மனை முன்னே வயலா? பழைய கிணறு எதையும் மூடியிருக்காங்களா?" என்று கேளு. மூடின கிணற்றின் மேல் ஒரு தூண் வந்தால், அந்த மூலை மட்டும் தனியாக இறங்கும்.

2. மண் பரிசோதனைச் செலவை மிச்சம் பிடிக்காதே. ஒரு தூணில் 20 டன் பாரம் இறங்குகிறது என்று வை. சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கும் மண்ணில் 1 மீட்டருக்கு 1 மீட்டர் புட்டிங் போதும். 10 டன்தான் தாங்கும் என்றால் ஏறக்குறைய 1.4 மீட்டர் சதுரம் வேண்டும். அடுத்த வீட்டு அளவை அப்படியே எடுத்துப் போடக் கூடாது என்பது இதனால்தான்.

3. கரிசலா? அப்படியென்றால் உட்கார்ந்து கவனமாகக் கேளு. மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடுவது பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தால்தான். மண் பரிசோதனைக் கூடத்தில் 'உப்பல் சோதனை' செய்யச் சொல்லு. சலித்த காய்ந்த மண் 10 கிராம் தண்ணீரிலும், 10 கிராம் மண்ணெண்ணெயிலும் ஒரு நாள் ஊறும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் இருப்பது அதைவிட 50 சதவீதத்துக்கு மேல் உப்பியிருந்தால், சாதாரண அஸ்திவாரத்தை மறந்துவிட்டு இன்ஜினீயரைக் கூப்பிடு.

அவர் அடியில் குடம் போல் அகன்ற பைல் போடச் சொல்லலாம். இந்த மண்ணுக்கென்றே ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறை அது. ஈரம் ஏறி இறங்கும் ஆழத்தைத் தாண்டி, சுமார் 3.5 மீட்டர் வரை இறக்குவார்கள். மேலே வரும் பீமுக்கும் தரைக்கும் நடுவில் மூணு அங்குலம் இடைவெளி விடணும். வேலை நடக்கும்போது அந்தச் சந்தில் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள், பக்கத்திலேயே நின்று பாரு. மண் உப்பினால் பீமைத் தூக்கிவிடும்.

4. ஐப்பசி மழைக்கு முன்னே அஸ்திவாரத்தை முடி. குழியில் தண்ணீர் தேங்கி அடிமண் சேறாகிவிட்டால், அதன் மேலேயே காங்கிரீட் கொட்டாதே. சேற்றை வழித்தெடுத்துக் கெட்டி மண் தெரிந்த பிறகுதான் பி.சி.சி. (கம்பியில்லாத அடிக் காங்கிரீட்) போடணும்.

5. தோண்டின கரிசலை பேஸ்மென்ட்டுக்குள் தள்ளாதே! லாரி வாடகை மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். கிராவல் வாங்கி, அரை அடி அரை அடியாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசு போடு. ஒரே நாளில் மூணடி நிரப்பித் தண்ணீரைப் பாய்ச்சினால், பின்னால் தரை இறங்கும், டைல்ஸ் உடையும்.

6. புட்டிங் கம்பி மண்ணில் படக் கூடாது. அடியில் 50 மில்லிமீட்டர் கவர் பிளாக் வை. உடைந்த செங்கல்லை முட்டுக் கொடுக்காதே, அது ஈரத்தை உறிஞ்சிக் கம்பிக்கே கொடுக்கும்.

7. வீட்டைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவாக மூணடித் தளம் போடு. குளியலறைத் தண்ணீரைச் சுவரோரமாக விடாதே. புளி, வேம்பு எல்லாம் எட்டத்தில் இருக்கட்டும், கரிசலில் ஈரத்தை உறிஞ்சி ஒரு பக்கத்தை மட்டும் இறக்கிவிடும்.

8. காங்கிரீட் போடுமுன் ஒவ்வொரு குழியிலும் டேப்பைப் பிடித்துப் படம் எடு. ஆழமும் கம்பியும் தெரியணும். மண் ரிப்போர்ட்டையும் வரைபடத்தையும் பத்திரத்தோடு ஒரே பையில் வை. நாளைக்கு மாடி கட்டும்போது இன்ஜினீயர் முதலில் கேட்பது அதைத்தான்.