கலமும் சிறுதேரும்

பிசிராந்தையார் வரிகொள்ளும் முறையை எடுத்துரைத்தது பாண்டியன் அறிவுடை நம்பிக்கு. அவ்வேந்தனே ஒரு புலவன். அவன் பாடியது புறநானூற்றில் 188ஆம் பாடலாக உள்ளது. அதில் போர் இல்லை, கொடையும் இல்லை. ஒரு குழந்தை தளர்நடையிட்டு வருகின்றது. உண்கலத்திற் கையை விடுகின்றது. நெய்ச்சோற்றை அள்ளுகின்றது, துழாவுகின்றது, மேனியெங்கும் பூசிக்கொள்கின்றது. வீட்டுப் பெரியோர் பலர் இதனைக் கண்டாற் கடிவர். சோறு பாழாயிற்றே என்பது அவர் கவலை. மன்னனோ அச்சிதறலைக் கண்டு மயங்கி நின்றான். இவ்வாறு மயக்கும் மக்கள் இல்லாதார்க்கு, எத்துணைச் செல்வம் இருப்பினும், வாழ்நாளிற் பயனில்லை என்றான். முடிவு சற்றுக் கடுமையானதே. ஆயினும் அவன் கண்ட இன்பம் பொய்யன்று.

உண்கலத்தில் அரசன் கண்டதை விளையாட்டிற் கண்டவர் தும்பிசேர்கீரனார். குறுந்தொகை 61ஆம் பாடல் அவருடையது. தச்சன் சிறுதேர் ஒன்று செய்து தருகின்றான். அதில் ஏறி ஊர இயலாது. ஏற இயலாத தேரால் யாது பயன் என்று வளர்ந்தோர் வினவுவர். சிறுவர்க்கு அவ்வினா எழுவதேயில்லை. கையால் இழுத்துச் செல்கின்றனர். இழுப்பதே அவர்க்கு இன்பம். பிற்காலத்து ஆண்பாற் பிள்ளைத்தமிழில் இறுதிப் பருவமாக அமைந்ததும் இச்சிறுதேரே.

புலவர் இதனைக் கூறியது குழந்தையைப் பாடுதற்கன்று. தலைவன் உடனில்லாத காலத்தும் அவன் நட்பை எண்ணியே தலைவி மகிழ்ந்தாள் என்று சொல்லவந்த தோழி, தெருவில் தேரிழுக்கும் சிறுவரை நினைந்தாள். தலைவியின் கைவளைகளும் நெகிழாமற் செறிந்தே நின்றனவாம்.