கணனிப் பாடம்: புதுக் கணனியை வேலைக்குத் தயார் செய்வோம்

வீட்டுக்குக் கணனி வந்தாச்சு. பிள்ளைங்க விளையாட்டுப் போட அவசரப்படுவாங்க. கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஐந்து வேலைகளை முடித்துவிட்டால், குடும்பத்தின் பத்திரங்களையும் சம்பளக் கணக்கையும் கணனியே காவல் காக்கும். இப்பாடம் வின்டோஸ் 11 உள்ள கணனிக்கானது. பழைய கணனி வாங்குவோர் ஒன்றைக் கவனியுங்கள்: வின்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன.

1. மின்சாரம்: மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் மலைநாட்டில் பின்னேரம் இடி மின்னல் அதிகம். வானம் இருண்டதுமே கணனியை முறையாக நிறுத்தி, ப்ளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

2. திகதியும் நேரமும்: செட்டிங்ஸில் நேர வலயத்தை ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’ என்று வையுங்கள். திகதி பிழைத்தால் பல இணையத்தளங்கள் திறக்காது.

3. தமிழ்: செட்டிங்ஸில் ‘டைம் அன்ட் லாங்குவேஜ்’ பகுதிக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். வின்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் விசையை அழுத்தினால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறலாம். பாமினி எழுத்தில் அடித்த கடிதம், அந்த எழுத்து இல்லாத கணனியில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாய்த் தெரியும். இப்படிச் சேர்த்த தமிழ் யுனிகோட் முறையில் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

4. தனிக் கணக்கு: பிள்ளைகளுக்கு வேறு கணக்கு திறந்து கொடுங்கள். அவர்கள் தெரியாமல் எதையாவது அழித்தாலும் உங்கள் கோப்புகள் தப்பும். உங்கள் கணக்குக்குக் கடவுச்சொல் போடுங்கள்.

5. பத்திரக் கோப்புறை: ஆளுக்கொரு கோப்புறை திறந்து, பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் படமெடுத்துப் போடுங்கள். பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து, நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள். மண்சரிவோ தீயோ வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

இந்தப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ‘லெட்சுமி’, இன்னொன்றில் ‘லட்சுமி’ என்று இருக்கிறதா? சேமலாப நிதி எடுக்கப் போற நேரத்தில் இந்த ஓரெழுத்து வித்தியாசமே பல நாள் அலையவைக்கும். வேலையில் இருக்கும்போதே திருத்தக் கேளுங்கள்.

பயிற்சி

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸில் ஓர் அட்டவணை போடுங்கள். திகதி, பேர், கொழுந்துக் கிலோ என மூன்று நிரல்கள். தினமும் பதிந்து, மாத முடிவில் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள்.

சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதம், தோட்ட நிர்வாகம் 12 வீதம் கட்ட வேண்டும். நிதிக்குரிய சம்பளம் 20,000 ரூபா என்றால் 1,600உம் 2,400உம் சேர்த்து 4,000 ரூபா வர வேண்டும். உங்கள் கணக்கில் எவ்வளவு வருகிறது? பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.