பழைய ஹைலக்ஸின் பிரேக்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஹைலக்ஸின் முன் சில்லுகளுக்குப் பெரிய டிஸ்க் போட்டு, பின்னால் இருக்கும் ட்ரம்மையும் கழற்றிவிட்டு டிஸ்க்காக மாற்றலாமா என்று கேட்டிருக்கிறாய். கொழும்பில் ஒருவர் முழு செட்டாகத் தருகிறார் என்றும் எழுதியிருக்கிறாய். போடலாம், செய்யக்கூடிய வேலைதான். ஆனால் அந்தக் காசை இப்போதைக்கு அதில் போடாதே. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன். ஒற்றை வரியில் "வேண்டாம்" என்று எழுதினால் நீ இன்னொருவரிடம் போய்க் கேட்பாய், அவர் "போடு" என்பார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் நாடு முழுக்கப் பழைய பிக்கப்புகள் தங்கள் வயதுக்கு மீறி உழைத்தன. என்ஜினை இறக்கி ஏற்றினார்கள், பொடியை ஒட்டிப் பெயின்ற் அடித்தார்கள். பிரேக்கை மட்டும் பிடிக்கும்வரை பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். வருசா வருசம் நீ எடுக்கும் புகைச் சான்றிதழும் புகையைத்தான் பார்க்கும். உன் பிரேக் பைப்பை அங்கே யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள்.

உங்கள் பக்கத்து வீதியும் மாறிவிட்டது. முன்பு திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குப் போவதென்றால் ஆற்று வாய்களில் பாதைப் படகுக்காகக் காத்து நிற்க வேண்டும், மிச்ச இடமெல்லாம் குழி. யாரும் 40க்கு மேல் ஓட முடியாது. இப்போது பாலங்கள், காபட் வீதி. கும்புறுப்பிட்டி தாண்டினால் கால் தானாகவே அழுத்துகிறது. 40க்கு ஓடியபோது போதுமாக இருந்த பிரேக்கை வைத்துக்கொண்டு 80க்கு ஓடுகிறோம். இருட்டில் வீதியில் மாடு படுத்திருக்கும். திரியாய்ச் சந்தியிலிருந்து ஊருக்குள் திரும்பினால் யானையும் நிற்கும்.

பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிற வேலை. அவ்வளவுதான். உன் வாகனம் வெறுமையாக ஏறக்குறைய 1500 கிலோ என்று வைத்துக்கொள். 1000 கிலோ நெல் ஏற்றினால் 2500. மணிக்கு 60 கிலோமீற்றரில் வந்து ஒரு தடவை நின்றால், அந்த ஒரு நிறுத்தத்தில் பிறக்கும் சூடு ஒரு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். 80இல் வந்து நின்றால் இரண்டு லீற்றர். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடச் சூடு இரண்டு மடங்குக்குக் கிட்டப் போகிறது, கவனித்தாயா? பாரம் கூடினால் அதே விகிதத்தில்தான் சூடு கூடும். வேகம் கூடினால் வேகத்தின் வர்க்கத்தில் கூடும்.

பெரிய டிஸ்க்கின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. தடித்த இரும்பு கூடுதல் சூட்டைத் தாங்கும். நடுவே காற்றோட்டத் துளை உள்ள டிஸ்க் அதைச் சீக்கிரம் வெளியே விடும். 1953இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஜாகுவார் டிஸ்க் பிரேக்கோடு வந்து ஜெயித்தது. சுற்றுக்குச் சுற்று பெரும் வேகத்திலிருந்து குறைக்க வேண்டிய அந்த ஓட்டத்தில் சூட்டில் சோராத பிரேக் பெரிய பலமாக இருந்தது. நீ திரியாயிலிருந்து திருகோணமலைச் சந்தைக்குத் தட்டையான கரையோரத்தில் ஓடுகிறாய். மாத்தளை தாண்டிக் கண்டி, நுவரெலியா என்று மரக்கறி ஏற்றப் போகிறவன் கேட்டால் நான் வேறு பதில் எழுதுவேன். இறக்கத்தில் பத்து நிமிடம் தொடர்ந்து பிரேக் மிதிக்கிறவனுக்குச் சூடு எதிரி. உனக்கு எதிரி உப்பு.

இன்னொன்றையும் தெரிந்துகொள். வாகனத்தைக் கடைசியில் நிறுத்துவது டயர். முழுக்க மிதித்தால் உன் சில்லுகள் இப்போதே இறுகி நின்று இழுபடுகின்றன என்றால், பிரேக்குக்கு டயரின் பிடிக்குத் தேவையான பலம் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் அந்த ஒரு நிறுத்தம் ஒரு முழம்கூடக் குறையாது. நல்ல காய்ந்த வீதியில், நல்ல டயரில், 60இலிருந்து நிற்க ஏறக்குறைய 20 மீற்றர் வேண்டும். கண் கண்டு கால் மிதிக்க ஒரு வினாடி போனால் அதற்குள் 16, 17 மீற்றர் ஓடியிருப்பாய். கடல் மணல் படிந்த வளைவில் இந்தக் கணக்கெல்லாம் பொய்த்துவிடும்.

பின் ட்ரம்மைக் கழற்றுவதை அடியோடு மறந்துவிடு. 2015இல் வந்த எட்டாம் தலைமுறை ஹைலக்ஸிலும் பெரும்பாலானவற்றுக்கு டொயோட்டா பின்னால் ட்ரம்தான் போட்டது. மிதிக்கும்போது பாரம் முன்னே சாய்வதால் பின் சில்லுக்கு வரும் வேலை குறைவு, ஹான்ட் பிரேக்கும் ட்ரம்மில்தான் உறுதியாகப் பிடிக்கும். போதாததற்கு நீ மீன் ஏற்றக் கரைவரை வாகனத்தை இறக்குகிறாய். திறந்திருக்கும் டிஸ்க்கை அங்கே மணலும் உப்பும் தின்னும்.

இனி நான் செய்யச் சொல்வது.

வாகனத்தை உயர்த்திச் சேஸ் ஓரமாக ஓடும் இரும்புப் பைப்பை முழு நீளத்துக்கும் பார். முக்கியமாக அதைச் சேஸோடு பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு அடியில். மணலும் ஈரமும் தங்குவது அங்கேதான். வெளியே பைப் நன்றாகத் தெரியும், கிளிப்பைக் கழற்றினால் செதில் செதிலாக உதிரும். நகத்தால் சுரண்டிக் குழி தெரிந்தால் அந்தப் பைப் போய்விட்டது. அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப் போட விடாதே, முழுப் பைப்பாக மாற்று. செம்பும் நிக்கலும் கலந்த பைப் கிடைத்தால் அதையே போடு. வொல்வோக்காரர் 1970களிலேயே தங்கள் கார்களுக்கு அதற்கு மாறினார்கள், உப்பு அதை எளிதில் தின்னாது. வெறும் செம்புப் பைப் வேண்டாம், அதிர்வில் இறுகி வெடிக்கும். முனையை இரட்டையாக மடித்து விரிக்கிற கருவி உள்ளவரிடம் மட்டும் வேலையைக் கொடு.

ரப்பர் ஹோஸ் மூன்றையும் யோசிக்காமல் மாற்று. பழைய ஹோஸ் வெளியே நன்றாக இருக்க உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். மிதிக்கும்போது ஒயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. பிரேக் பிடித்தபடியே ஓடிச் சில்லு கொதிக்கும். ஆட்கள் கலிப்பரில் குற்றம் என்று கலிப்பரை மாற்றுவார்கள்.

பிரேக் ஒயிலைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸில் கொதிக்கும், ஈரம் ஏறியபின் 140க்கே கொதிக்கலாம். டொட் 4 என்றால் 230உம் 155உம். கொதித்தால் பைப்பில் ஆவி நிற்கும், ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். உங்கள் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு இரண்டு வருசத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்று, டொட் 4 ஊற்று. டொட் 5 என்று எழுதியிருப்பது சிலிக்கோன், அதை இதோடு கலக்கக் கூடாது. என்ஜின் ஒயில், பவர் ஸ்டியரிங் ஒயில் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. போனால் மாஸ்டர் சிலிண்டர் முதல் வீல் சிலிண்டர் வரை எல்லா ரப்பரும் ஊதிவிடும்.

இப்போது நான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வந்த பொருள். பின் அக்சலுக்கு மேலே, சேஸின் உட்புறத்தில், கை முஷ்டி அளவில் ஒரு வால்வு இருக்கும். அதிலிருந்து பென்சில் தடிப்பில் வளைந்த கம்பி ஒன்று அக்சலுக்குப் போகும். பாரம் ஏற்றினால் சேஸ் தாழும், கம்பி வால்வின் நெம்புகோலை மேலே தள்ளும், வால்வு பின் சில்லுக்குக் கூடுதல் ஒயில் அமுக்கத்தை விடும். வெறும் பெட்டியோடு ஓடினால் அமுக்கத்தைக் குறைத்துப் பின் சில்லு இறுகாமல் காக்கும். ஒரு கம்பியும் ஒரு வால்வும் சேர்ந்து உன் பாரத்தை நிறுத்துப் பார்த்துப் பிரேக்கைப் பங்கிடுகின்றன. கொம்பியூட்டர் இல்லாத காலத்தில் இதை யோசித்தவர்களை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன்.

உங்கள் பக்கத்தில் நெல்லுக்கும் வத்தகப்பழத்துக்கும் என்று எல்லாரும் ஸ்பிரிங்குக்கு மேலதிகப் பட்டை வைக்கிறார்கள். உன் வாகனத்திலும் முந்தைய சொந்தக்காரர் வைத்திருக்கிறார், நீ அனுப்பிய படத்தில் தெரிகிறது. பட்டை கூடினால் பாரம் ஏற்றியும் சேஸ் தாழாது. கம்பி நகராது. பெட்டி வெறுமை என்றே வால்வு நினைத்துக்கொண்டிருக்கும். ஒரு தொன் ஏற்றியிருக்கும்போது பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும், முன் டிஸ்க் முழுச் சுமையையும் எடுத்துக் கொதிக்கும். "பாரத்தோடு பிடிக்குதில்லை, முன்னுக்கு மணக்குது" என்று நீ எழுதியதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பெரிய டிஸ்க் போட்டாலும் அந்தக் குற்றம் அப்படியே இருக்கும்.

சில கராஜ்களில் அந்த வால்வையே கழற்றிவிட்டு நேரே பைப் போடச் சொல்வார்கள். விடாதே, மருமகன். பாரத்தோடு அருமையாகப் பிடிக்கும். வெறுமையாகத் திரும்பி வரும்போது, மாரி மழையில், ஒருமுறை மிதித்தால் பின் சில்லு முதலில் இறுகி வாகனம் சுழன்றுவிடும். செய்ய வேண்டியது, கம்பியின் இரண்டு முனையும் துருவில் இறுகாமல் அசைகிறதா என்று பார்த்து, பட்டையால் சேஸ் உயர்ந்த அளவுக்குக் கம்பியின் நீளத்தைத் திருத்துவது. திருத்தும் அளவு உன் மாடலின் வேர்க்ஷொப் புத்தகத்தில் இருக்கும், கண்ணளவில் வைக்க வேண்டாம்.

பூஸ்டரையும் சோதித்துப் பார். என்ஜினை நிறுத்தி நாலைந்து தடவை மிதி, பெடல் கல்லாகும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணு. பெடல் கொஞ்சம் தாழ்ந்தால் பூஸ்டர் நன்று. தாழாவிட்டால் பூஸ்டரைக் குற்றம் சொல்ல முன் அல்டர்னேற்றரின் பின்புறத்தைப் பார். டீசல் என்ஜினில் பெற்றோல் என்ஜின்போல இயல்பான வெற்றிடம் கிடைக்காது, அதனால் அங்கே ஒரு வக்கியூம் பம்ப் பொருத்தியிருப்பார்கள். அதன் ஹோஸ் வெடித்திருந்தாலும், யாராவது பம்ப் இல்லாத அல்டர்னேற்றரை மாற்றி வைத்திருந்தாலும் பெடல் மரமாக இருக்கும். பிறகு என்ஜின் ஓடும்போது பெடலை அரை நிமிடம் அழுத்தியே வை. மெல்ல மெல்லக் கீழே போனால், வெளியே ஒழுக்கும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்துவிட்டது. பிரேக் மிதிக்க வாகனம் இடப்பக்கம் இழுத்தால் வலது முன் சில்லில்தான் கோளாறு தேடு, பிடிக்காத பக்கம் அது.

இவ்வளவும் செய்து ஒரு போகம் ஓடியபிறகும் போதவில்லை என்றால் முன் டிஸ்க்கைப் பெரிதாக்குவோம். அப்போதும் பெயர் தெரியாத செட் வேண்டாம். உன் ஹைலக்ஸின் குடும்பத்திலேயே பிந்திய, பாரமான மாடல் ஒன்றின் டிஸ்க்கும் கலிப்பரும் சேர்ந்த பொருளாக எடுப்போம். கலிப்பர் பிஸ்டன் பெரிதானால் அதை நிரப்பக் கூடுதல் ஒயில் வேண்டும், பெடல் கூடுதலாக ஆழப் போகும். அதைச் சரிக்கட்டப் பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பெடல் உயரும், ஆனால் காலுக்குப் பாரமாகும். ஒன்றை மாற்றினால் அடுத்ததும் அசையும். உன் சில்லின் உட்புறத்தில் புதிய கலிப்பருக்கு இடம் இருக்கிறதா என்பதையும் வாங்க முன் அளக்க வேண்டும்.

டிஸ்க்கின் விளிம்பில் அது தேயக்கூடிய கடைசித் தடிப்பும், ட்ரம்மின் உள்ளே அதிகபட்ச விட்டமும் வார்ப்பிலேயே எழுதியிருக்கும். துருவைத் துடைத்து வாசி. அந்த அளவைத் தாண்டியதைக் கடையவும் வேண்டாம், வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ட்ரம்மைத் திறக்கும்போது தூசியை எயர் அடித்துப் பறக்க விடாதே. பழைய லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடை.

பிரேக் பைப்பில் நிற்கும் எயரை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் உள்ள இடது பின் சில்லில் தொடங்கி, கிட்ட உள்ளதற்கு வா. பாரம் பார்க்கும் அந்த வால்வில் நிப்பிள் இருந்தால் அங்கேயும் எடு. பெடல் மெத்தென்று இருக்கிறதே என்று பலர் நாள் முழுக்க மிதித்துக் களைப்பது அதை விட்டுவிடுவதால்தான்.

புதுப் பிரேக் பாட் போட்டதும் பாரம் ஏற்றாதே. விடியற்காலையில், வீதி வெறிச்சோடிய நேரத்தில், 60இலிருந்து 20 வரை நிதானமாக மிதித்துக் குறை, பிறகு கொஞ்சத் தூரம் பிரேக் தொடாமல் ஓடி ஆறவிடு, திரும்பச் செய். எட்டுப் பத்துத் தடவை. இடையில் முழுதாக நிறுத்தி மிதித்தபடி நிற்காதே, சூட்டில் பாட் டிஸ்க்கில் ஒட்டித் திட்டு விழும். கடல் தண்ணீருக்குள் இறங்கிய நாட்களில் வீட்டுக்கு வந்ததும் நாலு சில்லின் உட்புறத்துக்கும் நல்ல தண்ணீர் அடி. பிறகு மெதுவாக ஓட்டி, பிரேக்கை இலேசாக மிதித்து ஈரத்தைக் காயவை.

கொழும்புக்காரருக்கு இன்னும் முற்பணம் கொடுக்கவில்லைத்தானே? கொடுக்காதே. வெறும் பெட்டியோடு ஒருமுறை, நெல் ஏற்றியபின் ஒருமுறை, அந்தக் கம்பி அக்சலில் பூட்டியிருக்கும் இடத்திலிருந்து சேஸ் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து எழுதி அனுப்பு. இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கம்பியிலிருந்தே தொடங்குவோம்.

அன்புடன்,
மாமா