கம்ப்யூட்டரில் தெரியாத பெயர் ஓடுகிறதா? நிறுத்தும் முன் பாருங்கள்

கம்ப்யூட்டர் திடீர்னு மெதுவாகிறதா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பின்னணியில் ஓடும் புரோகிராம்கள் அதில் வரிசையாகத் தெரியும்.

பெயர் புரியலையே என்று எதையும் உடனே நிறுத்த வேண்டாம். ‘சர்வீஸ் ஹோஸ்ட்’ பல முறை இருக்கும். அது விண்டோஸின் சொந்த வேலை. சந்தேகமா? பெயர் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஓபன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். அசல் என்றால் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளே ‘சிஸ்டம்32’-இல் இருக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காட்டினால், பெயரைத் திருடிய போலிதான். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஃபுல் ஸ்கேன்’ போடுங்கள். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 முதல் இதற்கான கருவிகளை இலவசமாகத் தருகிறது.

நீங்கள் போடாத ரிமோட் ஆப் ஏதாவது ஓடுகிறதா? அதன் வழியே உங்கள் திரையை இன்னொருவர் பார்க்கலாம், இயக்கலாம். முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வேறு போனிலிருந்து பேங்க் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்கள் ஆவடி காவல் ஆணையரகத்தின் சைபர் கிரைம் பிரிவிலும் புகார் தரலாம்.